அறுநூறு படத்துக்கும் ஒரே மருந்தா?

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிய விடியத் தெருக்கூத்து. இரவு பத்து மணிக்குக் கட்டியக்காரன் வந்ததிலிருந்து காலையில் கர்ணன் சாயும்வரை கண் மூடாமல் படமெடுத்த மாணவர் ஒருவர், அறுநூறு ரா கோப்புகளோடு அறைக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் முதல் படத்தைத் திறந்து நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறார். கர்ணன் முகம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள். நிழல் விழுந்த பக்கமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாய் ஏதோ. பதறிப்போய் நாய்ஸ் குறைக்கும் ஸ்லைடரைப் பிடித்து 60 வரை இழுக்கிறார். புள்ளிகள் மறைகின்றன. அப்பாடா என்று அறுநூறு படங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அதே அளவை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.

திரும்பி வந்து பார்த்தால் நாய்ஸ் இல்லை. கூடவே வேறு சிலவும் இல்லை. அரிதாரத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கிய வியர்வைக் கோடுகள் காணோம். புஜக்கட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து வெள்ளைத் திட்டாகிவிட்டன. முன்வரிசையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த பாட்டியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எல்லோரும் மெழுகு பொம்மைகள். விடியற்காலை நல்ல வெளிச்சத்தில் எடுத்த, நாய்ஸே இல்லாத படங்களுக்கும் இதே கதிதான். காய்ச்சல் இல்லாதவனுக்கும் ஊசி போட்டாயிற்று!

இது ஏதோ ஒருவர் செய்யும் தவறு இல்லை. கல்லூரி விழா, உறவினர் கல்யாணம், கோயில் திருவிழா என்று இரவில் எடுக்கப்படும் படங்களில் பெரும்பகுதி இப்படித்தான் 'சுத்தம்' செய்யப்படுகிறது. நாய்ஸ் என்பது அழுக்கு, அதை முழுக்கத் துடைத்தால்தான் படம் படமாகும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறு. மொத்தமாக நாய்ஸ் குறைப்பது தவறில்லை. ஆனால் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவில் குறைப்பதும், ஒரு புள்ளி மிச்சமில்லாமல் குறைப்பதும் படத்தையே அழிக்கும் வேலை.

நாய்ஸ் எங்கிருந்து வருகிறது?

முற்றத்தில் வரிசையாக ஐம்பது கிண்ணங்களை வைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். அடைமழை என்றால் எல்லாக் கிண்ணத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு தண்ணீர் இருக்கும். நாலு தூறல் போட்டு நின்றுவிட்டால்? ஒரு கிண்ணத்தில் மூன்று துளி, பக்கத்துக் கிண்ணத்தில் ஏழு துளி, அதற்கடுத்ததில் ஒன்றுகூட இல்லை. வானத்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது. தூறல் அப்படித்தான் விழும்.

கேமராவின் சென்ஸாரில் உள்ள பிக்சல்களும் இந்தக் கிண்ணங்கள் போலத்தான். ஒளியும் துளித்துளியாகவே வருகிறது. அந்தத் துளிக்கு ஃபோட்டான் என்று பெயர். சராசரியாக 10,000 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 100. நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. அதுவே சராசரி 100 ஃபோட்டான் மட்டும் விழும் இருட்டில் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்கு! ஒரே கறுப்புத் துணியின் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வேறு வேறு அளவு வெளிச்சம் காட்டும். அதுதான் மணல் தூவியது போலத் தெரிவது. இதற்கு மேல் கேமராவின் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும்.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் நாய்ஸ் வரும் என்று பலரும் சொல்வது பாதி உண்மைதான். ஐஎஸ்ஓ என்பது ஒலிபெருக்கியின் வால்யூம் மாதிரி. மெதுவாகப் பேசுபவரின் குரலை ஏற்றிவைத்தால் கூட இருக்கும் கரகரப்பும் ஏறிக் கேட்கும். கரகரப்பை வால்யூம் உண்டாக்கவில்லை, குரல்தான் சின்னது. ஐஎஸ்ஓ 100இல் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால், சரியான எக்ஸ்போஷரில் 6400இல் எடுக்கும் படத்துக்குக் கிடைப்பது 64இல் ஒரு பங்கு ஒளிதான். வர்க்கமூலக் கணக்குப்படி ஏற்ற இறக்கம் சுமார் 8 மடங்கு மோசம்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், கூத்து இரவில் வெளிச்சம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆடுகளத்தில் ஃபோகஸ் விளக்கின் நேர் கீழே நிற்கும்போது ஐஎஸ்ஓ 1600 போதும். கிரீடமும் கட்டைகளும் கட்டிய ஆட்டக்காரர் சுழன்று ஆடும்போது 1/250 வினாடி வேண்டும், 3200 ஆகும். விளக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை எடுக்க 12800கூடப் போதாமல் போகலாம். விடிந்தபின் 400. ஆக அறுநூறு படங்களும் ஒரே இரவில் எடுத்தவைதான், ஆனால் ஒரே நோய் உள்ளவை அல்ல.

ரா கோப்பின் அருமை

ஜேபெக்காக எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்கலாம். தலைவலி கேமராவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். கேமரா தன் இஷ்டத்துக்கு நாய்ஸைத் துடைத்து, கூர்மையை ஏற்றி, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டும் வைத்து, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் ஜேபெக்கைத் தருகிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். எதையும் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்ற முடிவு எடுத்தவர் கையில் இருக்கிறது.

ரா கோப்புக்குள் முழு வண்ணப் படம்கூட இல்லை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, பெரும்பாலான சென்ஸார்களில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. இருட்டில் அக்கம்பக்கத்துப் பிக்சலே தடுமாறும்போது ஊகமும் தடுமாறும். பச்சை, ஊதாத் திட்டுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

அதனால் நாய்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று நிற நாய்ஸ், அதாவது அந்தப் பச்சை ஊதாத் திட்டுகள். இன்னொன்று ஒளி நாய்ஸ், வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கும் மணல். எடிட்டிங் மென்பொருள்களில் இரண்டுக்கும் தனித்தனி ஸ்லைடர் இருப்பது இதற்காகத்தான். மனிதக் கண்ணுக்கு நிறத்தின் நுணுக்கம் அவ்வளவு தெரியாது, வெளிச்சத்தின் நுணுக்கம் நன்றாகத் தெரியும். எனவே நிற நாய்ஸை மொத்தமாகக் குறைத்தால் பெரிய நஷ்டம் இல்லை. லைட்ரூம் மென்பொருள் ரா கோப்பைத் திறந்தவுடனேயே நிற நாய்ஸுக்கு 25 என்று வைத்து, ஒளி நாய்ஸைப் பூஜ்யத்தில் விட்டு வந்ததன் நியாயமும் இதுதான்.

ஒளி நாய்ஸ் அப்படி இல்லை. ஒரு சின்னப் புள்ளி நாய்ஸா, இல்லை வியர்வைத் துளியா என்று ஸ்லைடருக்குத் தெரியாது. புடவையின் நெசவு, தாடி மயிர், மத்தளத் தோலின் கீறல் எல்லாமே அதன் கணக்கில் 'சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்'. அதிகமாக இழுத்தால் எல்லாம் சேர்ந்து போகும். போனது பிறகு கூர்மையை ஏற்றினாலும் திரும்பாது. மழுங்கிய முகத்துக்குக் கூர்மை ஏற்றினால் கிடைப்பது கூர்மையான மழுங்கல்தான்.

மொத்தமாகச் செய்வது எப்படி?

அறுநூறு படத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்து என்று சொல்வது புத்திமதி ஆகாது; பரீட்சைக்கு நடுவில் யாரால் முடியும்? மொத்தமாகத்தான் செய்ய வேண்டும். ஆனால் பிரித்துவிட்டுச் செய்ய வேண்டும்.

பிரிப்பதற்கு ஏற்ற அளவுகோல் ஐஎஸ்ஓ. ஒவ்வொரு கோப்பிலும் கேமராவே அதை எழுதி வைத்திருக்கிறது. லைட்ரூமில் ஐஎஸ்ஓப்படி வடிகட்டிப் பார்க்கலாம். 400, 1600, 3200, 12800 என்று நான்கு குவியல். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு படத்தை எடுத்து, முகமும் இருட்டும் இரண்டும் உள்ளதாகப் பார்த்து, அதைக் கவனமாகத் திருத்தி, அந்தக் குவியலுக்கு மட்டும் அதை ஒட்ட வேண்டும். அறுநூறு படத்துக்கு நாலே படம்தான் வேலை. இதைக்கூட ஒருமுறை செய்தால் போதும். வேறு வேறு ஐஎஸ்ஓவில் திருத்திய படங்களைக் கொண்டு ஒரு ப்ரீசெட் செய்துவைத்தால், இடைப்பட்ட அளவுகளை லைட்ரூமே கணக்கிட்டுக்கொள்ளும்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. டார்க்டேபிள் இலவசம். அதிலுள்ள நாய்ஸ் குறைக்கும் பகுதி ஒன்று, எந்தக் கேமரா எந்த ஐஎஸ்ஓவில் எவ்வளவு நாய்ஸ் தரும் என்று முன்கூட்டியே அளந்து வைத்த பட்டியலைப் பார்த்து வேலை செய்கிறது. அதை ஒரு ஸ்டைலாகச் சேமித்து மொத்தப் படங்களுக்கும் ஒட்டினால், ஒவ்வொன்றும் தன் ஐஎஸ்ஓவுக்கு ஏற்ற அளவையே பெறும். ராதெரபியும் இலவசம்தான். இன்ன ஐஎஸ்ஓவிலிருந்து இன்ன ஐஎஸ்ஓ வரை இந்த அமைப்பு என்று அதில் விதி எழுதி வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறலாம். 1600இல் இருட்டாக எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் ஏற்றிய படம் 1600 குவியலைச் சேர்ந்தது அல்ல. அதன் நாய்ஸ் 6400 படத்தின் நாய்ஸ். அதனால் முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்து, பிறகு குவியலாகப் பிரித்து, பிறகு நாய்ஸைக் குறைத்து, கடைசியாகக் கூர்மை ஏற்ற வேண்டும். இதைவிட நல்லது, எடுக்கும்போதே வெள்ளைப் பகுதிகள் எரிந்துபோகாத அளவுக்கு வெளிச்சமாக எடுப்பது. சென்ஸாரில் விழாத ஒளியை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

நூறு சதவீதத்தில் பார்க்கும் வியாதி

இவ்வளவு பதற்றமும் எங்கே தொடங்குகிறது? படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பதில். 24 மெகாபிக்சல் படத்தை அந்த அளவில் சாதாரண 1920க்கு 1080 திரையில் பார்த்தால், மொத்தப் படத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தெரியும். சுவரில் மாட்டிய ஓவியத்தை மூக்கு இடிக்கப் பார்ப்பது போல. அப்படி யாரும் கூத்துப் படத்தைப் பார்க்கப் போவதில்லை.

அதே 6000க்கு 4000 படத்தை இணையத்துக்காக 1500க்கு 1000 ஆகச் சுருக்கினால், பழைய பிக்சல் பதினாறு சேர்ந்து புதிய பிக்சல் ஒன்றாகிறது. பதினாறின் சராசரி எடுத்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறையும். அதாவது எந்த ஸ்லைடரையும் தொடாமலேயே முக்கால் பங்கு நாய்ஸ் போய்விட்டது! எந்த அளவில் பார்க்கப் போகிறார்களோ அந்த அளவில் வைத்துப் பார்த்துத்தான் எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பல படங்களுக்கு ஒளி நாய்ஸைத் தொடவே வேண்டியிருக்காது.

மிஞ்சுகிற கொஞ்சம் மணலும் குற்றமில்லை. கோடாக்கின் டிரை-எக்ஸ் 400 ஃபிலிம் 1954இல் வந்ததிலிருந்து எத்தனையோ பத்திரிகைப் புகைப்படங்கள் அதில் எடுக்கப்பட்டன. அவற்றிலெல்லாம் மணல் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்து யாரும் 'நாய்ஸ் ஜாஸ்தி' என்று ஒதுக்கவில்லை. ஃபிலிமின் மணல் வெள்ளித் துகளால் வருவது, டிஜிட்டலின் மணல் வேறு, உண்மைதான். ஆனாலும் பார்ப்பவர் மன்னித்துவிடும் குறை அது. மெழுகு முகத்தை யாரும் மன்னிப்பதில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

ஏஐ வந்தாயிற்றே?

ஸ்லைடர் காலமெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது ஏஐயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் டீப்பிரைம் 2020இல் வந்தது. அடோபியின் டீநாய்ஸ் 2023 ஏப்ரலில் வந்தது. இரண்டுமே, ரா கோப்பிலிருந்து வண்ணத்தை ஊகிக்கும் வேலையையும் நாய்ஸ் குறைக்கும் வேலையையும் சேர்த்தே செய்வதால் பழைய ஸ்லைடர்களைவிடப் பல படி மேல். கண்ணாடித் துண்டின் ஓரம் கூர்மையாகவே இருக்கும், பின்னால் இருட்டு மட்டும் சுத்தமாகும். பார்த்தால் மாயம் போலத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கருவிகள் எப்படி இதைச் செய்கின்றன? ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகி, இந்த மாதிரிப் புள்ளிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னதுதான் இருக்கும் என்று ஊகிக்கின்றன. தகவல் ஓரளவு இருக்கும் இடத்தில் ஊகம் சரியாக வரும். விளக்கடியில் நிற்கும் கர்ணனின் முகத்தில் பிரச்சினை இல்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில், நாற்பது பிக்சல் அகலத்தில் இருட்டோடு இருட்டாக இருக்கும் முகத்தில்? அங்கே தகவலே இல்லை. அங்கே வரும் கண்ணும் வாயும் பொதுவான முகம் ஒன்றினுடையவை. அந்த ஊர்க்காரருடையவை என்று சொல்ல முடியாது.

இது வெறும் பயம் இல்லை. 2023 மார்ச்சில் இணையத்தில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலாவின் படத்தைச் சிறிதாக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, இருட்டறையில் தூரத்திலிருந்து சாம்சங் ஃபோனில் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் ஃபோன் படத்தில் தெளிவாக இருந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரங்களை மெருகேற்ற ஏஐ பயன்படுவதாக நிறுவனமும் விளக்கம் கொடுத்தது. நிலாவுக்கு எப்போதும் ஒரே முகம், அதனால் ஊகம் பொய்யானாலும் பொருந்திவிடும். மனிதர்களுக்கு அப்படியா?

வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு 2024 போட்டிக்கு வகுத்த விதிகள் இந்தக் கோட்டைச் சரியாகவே போட்டன. நாய்ஸைக் குறைக்கும் கருவிகள், படத்தைப் பெரிதாக மாற்றாதவரை சரி. கேமரா பதிவு செய்யாத புதிய தகவலைச் சேர்க்கும் கருவிகள், படத்தைப் பெரிதாக்கும் ஏஐ கருவிகள் உட்பட, கூடாது. மாணவர்களும் இதையே பின்பற்றலாம். சுவரில் மாட்டவோ அச்சடிக்கவோ தேர்ந்தெடுத்த இருபது படத்துக்கு ஏஐயைப் பயன்படுத்தி, ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அறுநூறுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது. பழைய லேப்டாப்பில் ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் அதற்குப் பத்து மணி நேரம் ஆகும் என்பது வேறு விஷயம்.

"பார்க்கிறவர்களுக்குப் பளபளப்புதானே வேண்டும்?"

கல்யாண ஃபோட்டோ எடுப்பவர்கள் இப்படிக் கேட்பார்கள். ஆல்பம் கேட்கும் வீட்டார் மணலைப் பார்த்தால் காசு தர யோசிப்பார்கள், முகம் வழவழவென்று இருந்தால்தான் மகிழ்ச்சி. இது பிழைப்பு சம்பந்தப்பட்ட வாதம், இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கும் விடை குவியல் பிரிப்பதுதான். பத்து நிமிட வேலையில், மண்டபத்து வெளிச்சத்தில் எடுத்த முகூர்த்தப் படங்களை ரிசப்ஷன் இரவுப் படங்களோடு சேர்த்துக் கெடுக்காமல் காப்பாற்றலாம். பட்டுப்புடவைக்குப் பல்லாயிரம் கொடுத்தவர்கள் அதன் சரிகை படத்தில் கரைந்து போனால் சந்தோஷப்படுவார்களா என்ன?

கூத்துப் படத்துக்கு அந்த வாதமும் பொருந்தாது. அங்கே காசு தரும் வீட்டார் யாருமில்லை. ஒரு காலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடிய ஆட்டம் இன்று எல்இடி விளக்கில் நடக்கிறது. நாளை எப்படி இருக்கும், யார் ஆடுவார்கள் என்று தெரியாது. இன்று அதைப் படமெடுப்பவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஓர் ஆவணத்தைத்தான் உருவாக்குகிறார். முப்பது வருடம் கழித்து ஒரு பேரன் அந்தப் படத்தைத் திறந்து தன் தாத்தா எப்படி அரிதாரம் பூசினார், விடிகாலையில் அது எப்படிக் கலைந்திருந்தது, கட்டையில் எத்தனை கண்ணாடி ஒட்டியிருந்தது என்று பார்க்க வரலாம். அவனுக்கு மணல் ஒரு பொருட்டாக இருக்காது.

அதனால் எந்த மென்பொருளில் என்ன செய்தாலும், ரா கோப்புகளை மட்டும் அழிக்கக் கூடாது. இடம் போதவில்லை என்று ஜேபெக்கை வைத்துக்கொண்டு ராவைத் தூக்கிப் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இன்றைய கருவியைவிட நல்ல கருவி நாளை வரும், 2020க்குப் பிறகு வந்தது போல. அன்றைக்கு அந்த மணலோடு உள்ள மூலக் கோப்பு கையில் இருந்தால் மறுபடி தொடங்கலாம். மெழுகு பொம்மை மட்டும் இருந்தால் தொடங்க எதுவும் இருக்காது.

டீ குடிக்கப் போன மாணவருக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. அவர் ஒட்டிய 60 என்ற அளவு ரா கோப்பைத் தொடவில்லை, வெறும் குறிப்பாகத்தான் பதிவாகியிருக்கிறது. மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விடியற்காலைப் படங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நாலு குவியலாகப் பிரித்து ஆரம்பிக்கலாம். பாட்டியின் முகம் இன்னும் அப்படியே உள்ளே இருக்கிறது.